மொட்டைமாடிக்கு வழி

பிப்ரவரி 11

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதறேன். இங்க நானும் மாமாவும் சௌக்கியம். மாமாவோட வலது முட்டி மட்டும் எங்களோட ஒத்துப்போக மாட்டேங்குது, தனிக்குடித்தனம் கேக்குது. உங்க உடம்பு எப்படி இருக்கு?

போன் இருக்கறப்போ எதுக்குக் கடுதாசின்னு கேப்பீங்க. போன்ல நீங்க என்ன பேசறீங்க? "நல்லாயிருக்கேன் அத்தை. சாப்பிட்டேன் அத்தை. வெச்சிடவா அத்தை." போன வாரம் கடியாரத்தைப் பாத்துக்கிட்டே பேசினேன். நாப்பது செகண்ட். அதுல பத்து செகண்ட் நீங்க தொண்டையைக் கனைச்சீங்க. என் பொண்ணு, நம்ம வாயாடி, போய்ப் பதினோரு மாசம். இத்தனை மாசமா நீங்க என்கிட்ட பேசினதை எல்லாம் ஒண்ணாக் கூட்டினாலும் ஒரு டீ கொதிக்கற நேரம் வராது.

அதனால இனிமே கடுதாசி. ஒரே ஒரு சட்டம்தான்: ஒரு பக்கம் முழுசா நிரப்பணும். எழுத்தைப் பெருசாப் போட்டு ஏமாத்தக் கூடாது. முப்பத்திரண்டு வருஷமா தபால் ஆபீஸ்ல உட்கார்ந்து ஊர்ப்பட்ட கடுதாசியை ஊர் ஊராப் பிரிச்சுப் போடறேன். எனக்குன்னு வர்றது கரண்டு பில்லு மட்டும். வெக்கமா இருக்கு.

உங்க ஆபீஸ்ல என்ன வேலை ஓடுது? நம்ம வாயாடி கடைசியா ஒரு விளையாட்டுக்குக் கதை எழுதிக்கிட்டிருந்தாளே, அது என்ன ஆச்சு? அதையாவது எழுதுங்க.

நேரத்துக்குச் சாப்பிடுங்க.

அன்புடன்,
அத்தை


பிப்ரவரி 27

அன்புள்ள அத்தைக்கு,

மாப்பிள்ளை எழுதுவது. நலம். மாமாவின் முட்டி சமாதானமாகிவிட்டதா? என் உடம்புக்கு ஒன்றுமில்லை. எடை நான்கு கிலோ குறைந்திருக்கிறது, ஆனால் அது போன வருஷத்துக் கணக்கு.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் எழுதியதன் பெயர் 'பதினாலு அறை விடுதி'. ஆடுகிறவர்தான் அந்த விடுதிக்குப் புது மேனேஜர். அறைக்கு ஒரு விருந்தாளி, ஆளுக்கொரு தொல்லை. வெளியே விடாத மழை. நாம் என்ன சொல்கிறோம், எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதைப் பொறுத்துக் கதை மாறும். மொத்தம் பத்து அத்தியாயம். பத்தாவதை ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் எழுதி ஆபீஸுக்கு அனுப்பினாள்.

என் வேலை அதற்கு ஒரு வழிகாட்டி செய்வது. செயற்கை அறிவுதான். ஆடுகிறவர் எங்காவது மாட்டிக்கொண்டு முழித்தால் அது பக்கத்திலிருந்து, "அந்த அலமாரியைத் திறந்து பாத்தீங்களா?" என்பது மாதிரி ஒரு வரி சொல்லும். நாம் ஏதாவது கேட்டால் பதிலும் சொல்லும். இதற்கு முன்னால் ஆடியவர்கள் எப்படிப் போனார்கள் என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொள்ளும்.

எங்களுக்கு இப்போது விளையாட்டே தெரியாத ஆட்கள் ஆடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு நேரமிருந்தால் ஒரு டேப்லட்டில் போட்டு அனுப்புகிறேன்.

பக்கம் முடிய இன்னும் மூன்று வரி இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒருவர் ஏணி போட்டு விளக்குக் கம்பத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறார். பச்சை. கீழேயிருந்து ஒருவர் "அங்க விட்டுப்போச்சு, அங்க விட்டுப்போச்சு" என்கிறார். இன்னும் ஒரு வரி. அடித்து முடித்துவிட்டார்.

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். போன வாரத்தோட ஒரு வருஷம் ஆச்சு. நீங்களும் போன் பண்ணல, நானும் பண்ணல. பரவாயில்ல.

டேப்லட் வந்துச்சு. நானே பிரிச்சு, நானே எங்க தெருவுக்குப் போற தபால் கட்டுல போட்டு, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டேன்.

மொத ரெண்டு நாள் நான் சமையல்கட்டை விட்டே வெளிய வரல. மேனேஜர்னா மொதல்ல சமையல்கட்டைப் பாக்கணுமா இல்லையா? டப்பா டப்பாவாத் தொறந்து பாத்தேன். ஒவ்வொரு டப்பாலயும் நம்ம வாயாடி ஏதோ எழுதி வெச்சிருக்கா. சர்க்கரை டப்பாவைத் தொறந்தா, "எறும்பு வாடகை தர்றதில்லை"ன்னு வருது! மாமா உள்ளே இருந்து, "என்ன தனியா சிரிக்கறே?"ன்னு சத்தம் போட்டார்.

உங்க மேதாவி இருக்கே, அதான் அந்த வழிகாட்டி, அதுக்கும் எனக்கும்தான் ஒத்து வரல. "வாசல்ல விருந்தாளி நிக்கறாங்க, போய்ப் பாருங்க"ங்குது. "நிக்கட்டும், நான் டப்பாவை மூடிட்டு வர்றேன்"னு அடிச்சேன். அது ஒரு நிமிஷம் யோசிச்சிட்டு, "சரி, மூடிட்டு வாங்க"ன்னுச்சு. மரியாதை தெரிஞ்ச மேதாவி.

ஆனா ஒரு சேதி. ஒன்பது அத்தியாயம் தாண்டிட்டேன். கடைசியில மொட்டைமாடிக்குப் போற படி வருது. அந்தப் படியில ஏழாவது படி வரைக்கும் ஏறினா, மேதாவி "கீழ யாரோ கூப்பிடறாங்க, போய்ப் பாத்துட்டு வந்திடுங்க"ங்குது. கீழ போனா ஒருத்தரும் இல்ல. "விளக்கை அணைச்சீங்களா பாருங்க", "கேஸை மூடினோமான்னு இன்னொரு தரம் பாத்திடுங்க"ன்னு ஒவ்வொண்ணாச் சொல்லுது. அதையெல்லாம் பாத்திட்டுத் திரும்ப ஏறினா, ஏழாவது படியில மறுபடியும் அதே பாட்டு. அஞ்சு தரம் ஏறி இறங்கிட்டேன். விளையாட்டுல ஏறி இறங்கினதுக்கே மாமாவோட முட்டி மாதிரி எனக்கும் வலிக்குது.

மேல என்னதான் இருக்கு?

அத்தை


ஏப்ரல் 4

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்களும் மாமாவும் நலமென நம்புகிறேன். உங்கள் ஆட்டப் பதிவைப் பார்த்தேன். சமையல்கட்டில் மட்டும் ஆறு மணி நேரம் இருந்திருக்கிறீர்கள். எங்கள் ஆபீஸில் இது சாதனை.

படியில் திருப்பி அனுப்புவது உங்களை மட்டுமல்ல. ஆடிப் பார்த்த இருபத்தாறு பேரையும் அது அதே ஏழாவது படியில் கீழே அனுப்பியிருக்கிறது. யாரும் மேலே போகவில்லை. ஒருவர் பதினொரு தடவை முயன்றுவிட்டு, "இந்த விடுதிக்கு மொட்டைமாடியே கிடையாது, ஏமாத்தறீங்க" என்று எழுதியிருந்தார்.

எங்கள் குழுத் தலைவிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'கெடு மேடம்'. எதைக் கேட்டாலும் கெடு வைப்பார். டீ குடிக்கப் போனாலும், "பத்து நிமிஷம்" என்று விரலைக் காட்டுவார். திங்கட்கிழமை என்னிடம் வந்து, "ஜூலை முப்பத்தொண்ணு வரைக்கும் பாப்பேன். அதுவரைக்கும் யாரும் மாடிக்குப் போகலைன்னா பத்தாவது அத்தியாயத்தை எடுத்துடுவோம், ஒன்பதோட முடிச்சிடலாம். யாருமே போகாத ஒரு இடத்தை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார்.

எடுத்துவிட்டால் அது ஒரு பழைய கோப்பில் கிடக்கும். அவ்வளவுதான். அவள் கடைசியாக எழுதியதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

தவறு எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டர் நிரலில் எங்கும் அப்படி எழுதவில்லை. மூன்று தடவை வரிவரியாகப் பார்த்துவிட்டேன்.

பக்கம் நிரம்பிவிட்டது. நிரம்பாவிட்டாலும் உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால் சொல்கிறேன்: இந்தத் தடவை எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகத்தான் எழுதினேன்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் சௌக்கியம். உங்க எழுத்து பெருசாத்தான் இருந்துச்சு, மன்னிச்சிட்டேன்.

உங்க தொழில் எனக்குத் தெரியாது. என் தொழிலைச் சொல்றேன், கேளுங்க. எங்க பிரிக்கற இடத்துல எல்லாரோட கையும் தப்புப் பண்ணும். ஒரு கடுதாசி வடக்கே போகும், ஒண்ணு தெக்கே போகும், அது சகஜம். ஆனா தப்பாப் போற கடுதாசி எல்லாம் ஒரே பெட்டியில போய் விழுந்துச்சுன்னா, நாங்க பெட்டியைப் பாக்க மாட்டோம், சாக்கைப் பாக்க மாட்டோம். அது யார் கைன்னு பாப்போம். ஒருத்தரோட கைப்பழக்கம் அது. மூணு வருஷத்துக்கு முன்னாடி எங்க பார்சல்காரி, தன் தங்கச்சி இருக்கற ஊர்ப் பெட்டியில எல்லாத்தையும் போட்டுக்கிட்டிருந்தா. அவளுக்கே தெரியாது. தங்கச்சியோட சண்டை போட்டு ஆறு மாசம் ஆகியிருந்துச்சு. சமாதானமானதும் தானே சரியாப்போச்சு.

உங்க மேதாவியும் ஒரே இடத்துலதான் தப்புப் பண்ணுது. கேஸை ரெண்டு தரம் பாக்கச் சொல்லுது. செருப்பை நேரா வெக்கச் சொல்லுது. ரெண்டாவது அத்தியாயத்துல, "குடையை எடுத்துக்கிட்டீங்களா, அது இல்லாம கிளம்பாதீங்க"ன்னுச்சு. இப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியும். கல்யாணம் ஆன புதுசுல என் பொண்ணு வந்து, "அம்மா, இவரோட ஒரு சினிமாவுக்குக் கிளம்பினா தெருமுனை வரைக்கும் போயிட்டுப் பூட்டைப் பாக்கத் திரும்பி வர்றார்மா"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா.

மாப்பிள்ளை, அந்த மேதாவிக்கு ஆடிக் காட்டினது யாரு?

உடம்பைப் பாத்துக்குங்க.

அத்தை


மே 24

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். வேலை அதிகம்.

வீட்டில் துணி துவைக்கும் மெஷின் ரிப்பேர் ஆகி, நேற்று புதிது வந்தது. அதன் கையேட்டிலிருந்து: முதலில் தண்ணீர்க் குழாயைத் திறக்கவும். துணிகளை நிறவாரியாகப் பிரிக்கவும். சட்டைப் பைகளில் நாணயம், பேனா முதலியவை இருக்கின்றனவா என்று பார்க்கவும். கம்பளித் துணிக்கு மூன்றாவது குமிழ். குழந்தைத் துணிக்கு ஐந்தாவது குமிழ். கதவு சரியாக மூடாவிட்டால் சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு விளக்கு எரிந்தால் கதவைத் திறந்து மீண்டும் மூடவும். அப்போதும் எரிந்தால் மீண்டும் திறந்து மூடவும். மெஷின் ஓடும்போது மேலே பாத்திரங்களை வைக்கக் கூடாது. துணி உலர்ந்த பிறகு உடனே எடுத்துவிடவும், உள்ளேயே விட்டால் வாடை வரும். அதிர்வு அதிகமாக இருந்தால் நான்கு கால்களும் தரையில் சமமாக நிற்கின்றனவா என்று பார்க்கவும்.

நான்கும் சமமாகத்தான் நிற்கின்றன.

உங்கள் மாப்பிள்ளை


மே 31

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்க சௌக்கியம். அங்கேயும் அப்படியே இருக்கணும்.

துணி மெஷினைப் பத்தி எனக்குத் தெரியாத விஷயம் இனிமே ஒண்ணுமில்ல. மாமா ரெண்டு தரம் படிச்சிட்டு, "கம்பளிக்கு மூணாவது குமிழா, அட!"ன்னார். சட்டப்படி ஒரு பக்கம் நிரம்பியிருக்கு, குத்தம் சொல்ல முடியாது.

ஆனா ஆறு வாரம் ஆச்சு. நான் கேட்டது அப்படியே நிக்குது. திட்டறதுக்குக் கேக்கல, மாப்பிள்ளை. பார்சல்காரியையும் நாங்க திட்டல.

இந்தக் கடுதாசி ஒரு பக்கம் வராது. சட்டம் போட்டது நான், நான் மீறலாம்.

அத்தை


ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. தூக்கம் மட்டும் சரியில்லை. மாமாவுக்கு என் வணக்கம், கம்பளிக்கு மூன்றாவது குமிழ்தான்.

ஆடிக் காட்டியது நான்தான்.

ஆரம்பத்தில் ஆடிப் பார்க்க ஆட்கள் கிடைக்கவில்லை. நானே ஆடினேன். தினமும் ஆடினேன். எண்ணிப் பார்த்தேன், நானூற்றுப் பன்னிரண்டு தடவை. வழிகாட்டி பழகியது முழுக்க என் ஆட்டத்தைப் பார்த்துத்தான். ஒவ்வொரு தடவையும் ஏழாவது படி வரை ஏறுவேன். பிறகு கீழே ஏதாவது வேலை ஞாபகம் வரும், இறங்கிவிடுவேன். நல்ல ஆட்டக்காரன் ஏழாவது படியில் திரும்புவான் என்று அது எடுத்துக்கொண்டுவிட்டது. அதன் மேல் தப்பே இல்லை. ஒன்பது மாதம் அதைத்தானே காட்டினேன்.

பத்தாவது அத்தியாயத்தை நான் படித்ததில்லை. எனக்கு வேண்டுமானால் கோப்பைத் திறந்து பத்து நிமிஷத்தில் படித்துவிடலாம். திறக்கவில்லை. ஆறு வருஷம் ஒரு வீட்டில் இருந்தோம், ஒரு நாளில் நூறு தடவை பேசுவாள். படித்துவிட்டால் அவளிடமிருந்து இனிமேல் புதிதாக ஒன்றும் வராது. அதில் எனக்கு ஏதாவது எழுதியிருப்பாளோ என்று பயம். எழுதாமல் விட்டிருப்பாளோ என்றும் பயம்.

ஏப்ரலில் உங்கள் கடிதம் வந்த அன்றே இது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் படியேறிப் பார்த்தேன். நானூற்றுப் பதின்மூன்று.

முழுசாக மேலே போன ஆட்டம் ஒரு நாற்பது கிடைத்தால், என்னுடையதையெல்லாம் எடுத்து எறிந்துவிட்டு வழிகாட்டியை முதலிலிருந்து பழக்கலாம். வழிகாட்டியை நிறுத்திவிட்டு ஆடினால் யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆனால் எதற்காக என்று கெடு மேடத்திடம் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 30

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எல்லாரும் பரம சௌக்கியம். ஏன் பரமன்னு கீழ சொல்றேன்.

உங்க கடுதாசியைப் படிச்சு முடிச்சதும் போய் முகம் கழுவிட்டு வந்தேன். அதைப் பத்தி அவ்வளவுதான் எழுதப்போறேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்துல எங்க செக்‌ஷன்ல டிபன் டப்பாவைத் தட்டி எல்லாரையும் கூப்பிட்டேன். "நாப்பது ஆட்டம் வேணும், யார் யார் வர்றீங்க?"ன்னேன். நீங்க போன்ல போட்டுக்கலாம்னு அனுப்பின வழியில எட்டுப் பேர் போட்டாச்சு. நான், பார்சல்காரி, முத்திரை குத்தற அக்கா, கவுண்டர்ல ரெண்டு பேர், பை தைக்கறவர், வண்டி ஓட்டறவர். எட்டாவது ஆள் எங்க போஸ்ட்மாஸ்டர்! "ஆபீஸ் நேரத்துல விளையாட்டா?"ன்னு கத்திக்கிட்டு வந்தவர், பார்சல்காரி தோளுக்குப் பின்னாடி நின்னு பாத்துட்டு, "அந்த ஆறாம் நம்பர் ரூம்காரன் பொய் சொல்றான், நம்பாதே"ன்னார். அன்னிலேர்ந்து அவரும் ஆடறார். கதவைச் சாத்திக்கிட்டு.

ஒரு விஷயத்துல உங்களைக் கேக்காம முடிவு பண்ணிட்டேன். நீங்க மேதாவியை நிறுத்திட்டு ஆடலாம்னீங்க. நாங்க நிறுத்தல. அது பாக்கட்டுமே, பாத்தாத்தானே பழகும்? அது "கீழ போங்க"ன்னு சொல்லச் சொல்ல நாங்க அதோட சண்டை போட்டு மேல ஏறினோம். முத்திரை அக்கா, "நீ யாரு எனக்குச் சொல்ல"ன்னு அடிச்சா. வண்டிக்காரர் பதிலே சொல்லாம விறுவிறுன்னு ஏறிட்டார்.

நாப்பத்திமூணு ஆட்டம் ஆச்சு. மூணு எங்க செலவு.

நான் மேல போயிட்டேன். முழுசும் பாத்துட்டேன். அங்க என்ன இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நீங்க போறப்போ மட்டும் வயித்துக்குச் சாப்பிட்டுட்டுப் போங்க.

அந்த மேடத்துக்கிட்ட சொல்லிடுங்க. கடிச்சா விழுங்கிடப் போறாங்க?

அத்தை


ஜூலை 25

அன்புள்ள அத்தைக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே. உங்கள் செக்‌ஷனில் எட்டுப் பேருக்கும் என் நன்றி. போஸ்ட்மாஸ்டர் ஐயா ஒருவரே பதினான்கு ஆட்டம் ஆடியிருக்கிறார், பதிவில் தெரிகிறது. அவரிடம் சொல்ல வேண்டாம்.

கெடு மேடத்திடம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "நானூத்திப் பன்னண்டு தடவையா? அதுக்கெல்லாம் ஓவர்டைம் கேக்கக் கூடாது" என்றார். அவர் போன பிறகு பார்த்தால் அவருடைய தண்ணீர் பாட்டில் என் மேஜையில் இருந்தது. விட்டுவிட்டுப் போனாரா, வைத்துவிட்டுப் போனாரா தெரியவில்லை.

என் ஆட்டங்களை எடுத்துவிட்டு, உங்கள் நாற்பத்து மூன்றை வைத்து வழிகாட்டியைப் பழக்கினேன். இப்போது அது வேறு ஆள். விருந்தாளி வந்தால், "மொதல்ல உக்காரச் சொல்லுங்க, நின்னுக்கிட்டே என்ன பேச்சு?" என்கிறது. ஒரு சோதனை ஆட்டக்காரர் ஒரு அறையைத் தேடி அலைந்தபோது, "நம்பரைச் சரியாப் பாருங்க, ஆறும் ஒன்பதும் ஒண்ணு இல்ல" என்று அதட்டியது. கெடு மேடம், "இதுக்கு யாருங்க வாய் கொடுத்தது?" என்று கேட்டார். எட்டுப் பேர் என்றேன்.

ஆனால் வழிகாட்டி சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட வேண்டியவன் நான். கடைசி வரை ஆடிப் பார்க்காமல் போடக் கூடாது, அது விதி. நேற்று மதியம் எல்லாரும் சாப்பிட எழுந்ததும் ஆரம்பித்தேன். நான் முன்னாலேயே சாப்பிட்டிருந்தேன்.

ஏழாவது படி வந்தது. கை நின்றுவிட்டது. கீழே ஏதோ விட்டுவிட்டு வந்த மாதிரியே இருந்தது. வழிகாட்டியிடமிருந்து ஒரு வரி வந்தது: "கீழ இருக்கறவங்களை நாங்க பாத்துக்கறோம். நீங்க மேல போங்க."

இதை யார் அதற்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று பதிவில் தேடவில்லை. தேட வேண்டியதில்லை.

மேலே வெயில். ஒன்பது அத்தியாயமாகப் பெய்த மழை விட்டிருக்கிறது. விடுதியில் இருக்கிற அத்தனை பேரும் ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்திருக்கிறார்கள். கயிறு ஒன்றுதான். கிளிப்பும் போதவில்லை. அதற்கு ஒரு சண்டை. இரண்டாம் அறைக்காரர், "கயிறு பொதுச் சொத்து" என்கிறார். பதினோராம் அறை அம்மா, "வெயில் எங்க ஜன்னல் வழியாத்தான் வருது, மொதல்ல எனக்கு வாடகை குடுங்க" என்கிறார். நான் சிரித்துவிட்டேன். யாரும் இல்லாத ஆபீஸில் என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

அத்தை, எனக்கென்று அதில் ஒரு வரிகூட இல்லை. துணி காயப்போடுகிறார்கள், அவ்வளவுதான். எவ்வளவு நிம்மதி தெரியுமா? அவள் எங்கேயும் கிளம்புகிற மாதிரி எழுதவில்லை. நன்றாக வேலை நடந்துகொண்டிருந்த ஒரு நாளில் எழுதியிருக்கிறாள்.

சண்டையைத் தீர்க்க மேனேஜருக்கு மூன்று வழி. மூன்றாவது: கிளிப் முழுவதையும் தானே பிடுங்கிக்கொள்வது. அதை அழுத்தினேன். கதைக்குப் பதிலாக அவளுடைய குறிப்பு வந்தது. "இந்த இடத்துல இன்னும் சிரிப்பு வரல. நாளைக்குப் பாத்துக்கறேன்."

நீங்கள் இதைப் பார்த்திருக்கிறீர்கள். சொல்லவில்லை.

மேடம், "மெஷின்கிட்ட கேட்டா அவங்க மாதிரியே நிரப்பிடும்" என்கிறார். கேட்டேன். இரண்டு நிமிஷத்தில் இருபது கொடுத்தது. எல்லாமே சிரிப்பு வரும் போல இருந்தது, வரவில்லை. என்ன செய்வது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். முப்பத்தொன்றுக்குள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூலை 27

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சௌக்கியம், சௌக்கியம். மாமாவும் நானும் உங்க கடுதாசியை மாத்தி மாத்திப் படிச்சோம். இதை இன்னைக்கே போற கட்டுல என் கையால சேத்துட்டேன், கெடுவுக்கு முன்னாடி வந்திடும்.

ஆமா, பாத்தேன். சொல்லியிருந்தா நீங்க அங்க போற வரைக்கும் அதையே நினைச்சுக்கிட்டு ஏறியிருப்பீங்க. நானும் அந்த இடத்துல கொஞ்ச நேரம் டேப்லட்டைக் கவுத்து வெச்சிட்டேன். அப்புறம் எடுத்தேன்.

அவ எழுதாததை அவ எழுதின மாதிரி காட்ட வேண்டாம். அவளுக்கே அந்த இடத்துல சிரிப்பு வரல, மெஷினுக்கு ரெண்டு நிமிஷத்துல எப்படி வரும்? குறிப்பை அப்படியே விடுங்க. வந்து நிக்கறவங்களுக்கு மேதாவி நடந்ததைச் சொல்லட்டும். வழிகாட்டின்னா, இங்க வழி இல்லன்னும் சொல்லணும்தானே.

எங்க செக்‌ஷன்ல இதுக்கு ஓட்டு எடுத்தோம். எட்டுக்கு எட்டு.

அத்தை


செப்டம்பர் 18

அன்புள்ள அத்தைக்கு,

நலம். இரண்டு கிலோ ஏறியிருக்கிறேன். மாமா இப்போது ஊன்றுகோல் இல்லாமல் கடைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? முத்திரை அக்காவின் கை வலி குறைந்ததா?

விளையாட்டு வெளியாகி ஐந்து வாரம் ஆகிறது. பத்து அத்தியாயமும் இருக்கிறது. கெடு மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: மூன்றாவது வழியில் போகிறவர்கள் கோபப்பட்டு ஆட்டத்தை விட்டுவிட்டால் குறிப்பை எடுத்துவிட வேண்டும். ஒரு மாதம் கெடு.

அந்த இடத்தில் வழிகாட்டி சொல்வதை மட்டும் நான் பழக்கவில்லை, கையால் எழுதினேன். அரை நாள் ஆனது. இதுதான்: "இதை எழுதினவங்க இந்த இடத்தை நாளைக்கு எழுதலாம்னு விட்டு வெச்சாங்க. அவங்க இப்ப இல்ல. உங்களுக்கு ஏதாவது தோணினா என்கிட்ட சொல்லுங்க, கேட்டுக்கறேன். இல்லைன்னா அந்த வாளியைத் தாண்டி இடதுபக்கம் போங்க, கதை அங்க இருக்கு."

யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை. அதைவிட, சொல்கிறார்கள் அத்தை. கிளிப்பைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று ஆளாளுக்கு ஒன்று எழுதிவிட்டுத்தான் வாளியைத் தாண்டுகிறார்கள். ஐந்து வாரத்தில் அறுநூற்று நாற்பது வந்திருக்கிறது. ஒருவர், மேனேஜரையே கயிற்றில் தொங்கவிடுகிறார். ஒரு பள்ளிக்கூட டீச்சர், எல்லாரையும் வரிசையில் நிற்கவைக்கிறார். நாற்பத்தைந்து பேர் ஒரே மாதிரி, துணியெல்லாம் பறந்து போகிறது என்று எழுதியிருக்கிறார்கள். தினமும் காலையில் முதல் வேலையாக உட்கார்ந்து வரிசையாகப் படிக்கிறேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. ஆபீஸுக்கு அரைமணி முன்னாலேயே போய்விடுகிறேன்.

இன்று காலை நூற்று எண்பத்தாறாவது: "பலத்த காத்து. நாலாம் நம்பர் ரூம்காரர் சட்டை பறந்து பக்கத்துத் தெருவுல விழுந்துச்சு. மூணு நாள் கழிச்சுத் திரும்பி வந்துச்சு, காலர்ல முத்திரை குத்தி: விலாசம் சரியில்லை, அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது."

இது உங்கள் செக்‌ஷன் வேலை என்று தெரிந்துகொள்ள எனக்குப் பதிவு வேண்டாம். யார் என்று மட்டும்தான் தெரியவில்லை. முத்திரை அக்காவா, போஸ்ட்மாஸ்டர் ஐயாவா, நீங்களா?

இந்தத் தடவை ஆபீஸில் எல்லாரும் இருந்தார்கள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கெடு மேடம் எழுந்து வந்து, தோளுக்குப் பின்னாலிருந்து படித்துப் பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். "இதையே வெச்சிடலாமே?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா அவ ஒத்துக்க மாட்டா. 'இன்னும் கொஞ்சம் வரணும்'ம்பா" என்றேன்.

"சரி, அப்போ பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கெடு வைக்கவில்லை.

நூற்று எண்பத்தேழைத் திறந்தேன்.

உங்கள் மாப்பிள்ளை